பிறர் வாயில் கற்ற கல்வி

கல்வியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் 'பெறுதல்' என்ற சொல்லையே கையாளுகிறோம். பட்டம் பெற்றான், தேர்ச்சி பெற்றாள், இடம் பெற்றார்கள் என்கிறோம். யாரிடமிருந்து பெற்றார்கள் என்ற வினாவை மட்டும் எழுப்புவதில்லை. எழுப்பினாலும் ஆசிரியரிடமிருந்து, நூலிலிருந்து என்று விடை சொல்லி அமைந்துவிடுகிறோம். கணிதம் பயில்பவனுக்கும் இலக்கணம் பயில்பவனுக்கும் இந்த விடை போதும். அவன் பிழை செய்தால் ஒரு தாளைக் கிழித்தெறிந்துவிட்டு வேறு தாள் எடுத்துக்கொள்வான். மருத்துவம் பயில்பவனுக்கோ தாள் என்பது இன்னொரு மனிதனின் உடல். அதிலும் பல் மருத்துவத்தில் உயர்பட்டம் நாடிச் செல்பவன் மூன்றாண்டுக் காலம் பிறருடைய வாய்க்குள்ளேதான் தன் கல்வியைத் தேடுகிறான். அந்த வாய்கள் யாருடையவை? அவற்றுக்கு அவன் பட்டிருக்கும் கடன் யாது? அக்கடனை அடைப்பது எங்ஙனம்? இவற்றையே இங்கு நாம் சிறிது ஆராய விரும்புகிறோம்.

இதனை எடுத்துப் பேசக் காரணம் உண்டு. பி.டி.எஸ். முடித்த பிள்ளைகள் இன்று நம் குடும்பங்களில் பலர் இருக்கின்றனர். நான்காண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியுமாக ஐந்தாண்டுகள் கழிந்து, பெயருக்கு முன்னால் டாக்டர் என்ற அடைமொழியும் வந்துவிட்ட பிறகு, வீட்டில் ஓர் ஆலோசனை நடைபெறுகிறது. எம்.டி.எஸ். படிக்க வைப்பதா, கடைத்தெருவில் சிறியதொரு மருத்துவமனை வைத்துக் கொடுப்பதா, வளைகுடாவுக்கு அனுப்புவதா, பெண்பிள்ளையாயின் முதலில் நிக்காஹை முடித்துவிடுவதா? கட்டணம் எவ்வளவு, எந்தப் பிரிவில் வருமானம் மிகுதி, போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்பன கேட்கப்படுகின்றன. கேட்பது பிழையென்று நாம் சொல்லவில்லை. நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் படிக்க வைக்கும் வாப்பாவுக்கு அவற்றைக் கேட்கும் உரிமை நிச்சயமாக உண்டு. ஆயினும் அந்தக் கணக்கில் ஒரு வரி எப்போதும் விடுபட்டுப் போகிறது.

முதலில் அப்படிப்பின் அமைப்பைப் பார்ப்போம். நம் நாட்டில் எம்.டி.எஸ். ஒன்பது பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. வரிசை தவறிய பற்களை நேர்ப்படுத்துவது ஒன்று. பல்லின் உள்ளிருக்கும் கூழுக்கும் வேருக்கும் சிகிச்சை செய்து பல்லைப் பிழைக்க வைப்பது மற்றொன்று. இழந்த பல்லுக்கு மாற்று அமைத்தல், ஈறு நோய், வாய் முக அறுவை, குழந்தைகளின் பல் மருத்துவம், வாய் மருத்துவமும் கதிர்ப்படமும் என்பன ஐந்து. நோயுற்ற தசையை நுண்ணோக்கியில் வைத்துக் கண்டறியும் வாய் நோய்க்குறியியல் எட்டாவது. ஊர் மக்கள் அனைவருடைய பல் நலத்தையும் ஒருசேரக் கருதும் பொதுநலப் பல் மருத்துவம் ஒன்பதாவது. 2017ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நாடு முழுவதற்கும் நீட் என்ற ஒரே நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. இடம் கிடைத்தவர் மூன்றாண்டு பயின்று, ஓர் ஆய்வேடும் எழுதி அளித்தாக வேண்டும்.

இளநிலையில் மாணவன் முதலில் மெழுகைச் செதுக்கிப் பல்லின் வடிவைக் கற்கிறான். பிறகு பொம்மைத் தலையொன்றில் பொருத்திய செயற்கைப் பற்களைத் துளைத்துப் பழகுகிறான். மனிதரிடமிருந்து பிடுங்கிய பற்களையும் சேர்த்து வைத்துக்கொள்கிறான். சிறுவயதில் விழுந்த பல்லை நாம் கூரையின்மேல் எறிந்து மகிழ்ந்தோம். பெரியவர்களின் பற்களோ பல் மருத்துவக் கல்லூரியின் விடுதி அறைகளில், மருந்து நீர் நிறைந்த கண்ணாடிக் குப்பிகளில் கிடக்கின்றன. வேர்ச் சிகிச்சையில் உயர்பட்டம் பயில வந்தவனும் முதலாண்டில் அத்தகைய பற்களிலேயே கையைப் பழக்குகிறான். ஒவ்வொரு பல்லும் ஒருவர் இழந்தது. அவர் பெயர் குப்பியின்மேல் எழுதப்பட்டிருப்பதில்லை.

அதன்பின் உயிருள்ள வாய்கள் வருகின்றன. கல்லூரி மருத்துவமனையின் நாற்காலியில் வந்து அமர்பவர் யார்? வெளியே ஒரு பல்லைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கில் கேட்கிறார்களே என்று அஞ்சி, குறைந்த செலவிலோ செலவின்றியோ வேலை முடியும் என்று காலையிலேயே வந்து வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளி, பீடி சுற்றும் பெண், ஓட்டோ ஓட்டுநர், பள்ளிப் பிள்ளைகள். தேர்ந்தவர் ஒரே அமர்வில் முடிக்கும் வேலைக்கு அவர்கள் நான்கு முறை, ஐந்து முறை வர நேரிடும். மாணவன் செய்ததைப் பேராசிரியர் பார்த்து, திருத்தி, மீண்டும் செய்யச் சொல்லும்வரை வாயைத் திறந்தபடியே காத்திருப்பார்கள். அந்த நாள்களின் கூலியும் போகும். அவர்களுடைய பொறுமையே அவனுடைய கைத்திறனாக மாறுகிறது.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். இது நியாயமான பரிமாற்றம் அன்றோ? அவருக்கு மலிவாகச் சிகிச்சை கிடைத்தது, இவனுக்குப் பயிற்சி கிடைத்தது, கணக்கு நேராயிற்று. பிறகு கடன் எங்கிருந்து வந்தது என்பர். இவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. கல்லூரி மருத்துவமனைகள் இல்லாவிட்டால் அந்த ஏழைக்கு எந்தச் சிகிச்சையும் கிடைத்திராது என்பது மெய்யே. மேற்பார்வையின் கீழ் மாணவன் செய்யும் வேலை, அவசரக்காரர் ஒருவர் தனியே செய்யும் வேலையைவிடச் செம்மையாக அமைவதும் உண்டு. ஆனால் பரிமாற்றம் நியாயமாவதற்கு இரு தரப்பாரும் தாம் கொடுப்பது இன்னது, பெறுவது இன்னது என அறிந்திருக்க வேண்டும். மறுக்கவும் வழி இருக்க வேண்டும். வேறு எங்கும் போக வசதியற்றவர் 'சரி' என்று சொல்வதை முழு இசைவாகக் கொள்ளலாமா? ஆய்வேட்டுக்காக நோயாளியைச் சேர்க்கும்போது அவர் மொழியிலேயே விளக்கி இசைவுக் கையொப்பம் வாங்க வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும் என்று இன்று விதி உண்டு. நல்ல விதி. அந்தத் தாளில் பெருவிரல் பதிக்கும் மூதாட்டி அதை ஒருவரும் படித்துக் காட்டாமலே பதித்தால், அது எவருக்குப் பாதுகாப்பு?

இசைவு என்ற ஒன்றே இல்லாமல் இத்துறையின் அறிவு பெறப்பட்ட வரலாறும் உண்டு. பல் மருத்துவ மாணவர் அனைவரும் அதைப் பாடநூலில் படிக்கின்றனர். இனிப்பு பல்லைச் சொத்தையாக்கும் என்று நாமெல்லாம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம் அல்லவா? அதனை ஐயமற நிறுவிய ஆய்வு சுவீடன் நாட்டில், லுண்ட் நகரத்து விப்பெஹோல்ம் மருத்துவமனையில் நடந்தது. 1945இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த அவ்வாய்வின் முடிவுகள் 1954இல் வெளியாயின. அதில் உட்படுத்தப்பட்டோர் மனவளர்ச்சி குன்றிய 436 நோயாளிகள். அவர்களுள் சில குழுவினருக்கு, பல்லில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடைய மிட்டாய்கள் நாளொன்றுக்கு 8 என்றும் 24 என்றும் கொடுக்கப்பட்டன. பற்கள் சொத்தையாகும்வரை கொடுக்கப்பட்டன. தமக்கு என்ன நேர்கிறது என்பதை அறியும் நிலையில் அவர்கள் இல்லை. மனிதரை ஆய்வுக்கு உட்படுத்துவதாயின் அவர் மனமுவந்து இசைய வேண்டும் என்ற நூரம்பர்க் நெறி 1947இலேயே வகுக்கப்பட்டது. அதன் பின்னரும் விப்பெஹோல்மில் மிட்டாய் வழங்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

அவ்வாய்வு கண்ட உண்மை பெரிது. எவ்வளவு சர்க்கரை தின்கிறோம் என்பதைவிட, எத்தனை முறை தின்கிறோம், அது எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டி நிற்கிறது என்பதே முக்கியம் என்று அது காட்டிற்று. உணவோடு உண்ணும் இனிப்பைவிட இடைவேளைகளில் மெல்லும் மிட்டாய் பன்மடங்கு கேடு விளைப்பதாகத் தெரிந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகளின் பற்கள் அவ்வறிவால் காக்கப்பட்டிருக்கின்றன. சுவீடன் நாட்டார் தம் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் இனிப்பு கொடுக்கும் வழக்கமும் அதிலிருந்து வேரூன்றியதே. ஆக, தீய வழியில் பெற்ற அறிவு நல்ல பயன் தந்திருக்கிறது. அதனை இப்போது என்ன செய்வது? பாடநூலிலிருந்து கிழித்தெறிவதா? அப்படிச் செய்தால் அந்த 436 பேரின் துன்பமும் வீணாகும். தயக்கமின்றிப் பயன்படுத்துவதா? அப்படியாயின் அறிவு கிடைத்தால் போதும், வழி எதுவாயினும் ஆகலாம் என்று ஆகிவிடும். நமக்குத் தோன்றுவது இது: அவ்வறிவைப் பயன்படுத்தலாம், ஆனால் அதனைத் தன் சொத்தாகக் கொண்டு விலை பேசும் உரிமை எவருக்கும் இல்லை. அது கைமாறிக் கைமாறி வந்த அமானிதம்.

அமானிதம் என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே ஆளுகிறோம். ஒருவர் நம்மிடம் பொருளை ஒப்படைக்கும்போது அதை எண்ணிப் பார்த்துத் திரும்பப் பெற அவரால் முடியும். பல் மருத்துவரிடம் ஒப்படைக்கப்படும் பொருளோ, ஒப்படைப்பவரே கண்ணால் காண இயலாதது. கையில் புண் வந்தால் நோயாளி தானே பார்க்கலாம். கடைவாய்ப் பல்லின் பின்புறத்தை எவரும் தாமாகக் கண்டதில்லை. 'சொத்தை ஆழமாகப் போய்விட்டது, வேர்ச் சிகிச்சை செய்து மேலே உறை போட வேண்டும்' என்று மருத்துவர் சொன்னால், அது உண்மையா என்று சோதிக்க நோயாளிக்கு வழியில்லை. கதிர்ப்படத்தைக் காட்டினாலும் அவர் காண்பது கறுப்பும் வெளுப்புமான சில நிழல்களையே. மருத்துவர் மேலும் மேலும் கற்கக் கற்க இந்த இடைவெளி குறைவதில்லை, மிகுகிறது. உயர்பட்டம் மருத்துவரின் கைக்கு நுட்பம் தருகிறது. அதே வேளையில் நோயாளியின் கையிலிருந்து கேள்வியைப் பறித்துக்கொள்கிறது. 'ஸ்பெஷலிஸ்ட் சொல்லிவிட்டார்' என்றால் யார் மறுத்துப் பேசுவார்?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டில் குர்துபாவின் அருகே வாழ்ந்த அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி இந்த இடத்தை நன்கு உணர்ந்திருந்தார். முப்பது பகுதிகளைக் கொண்ட 'தஸ்ரீஃப்' என்ற அவருடைய மருத்துவப் பெருநூலின் இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்தைப் பற்றியது. ஏறத்தாழ இருநூறு கருவிகளை அவர் வரைந்தே காட்டியிருக்கிறார். பல்லில் படியும் காறையைச் சுரண்ட வெவ்வேறு வடிவான கருவிகள், ஆடும் பல்லைப் பொற்கம்பியால் பிணைக்கும் முறை, மாட்டெலும்பில் செதுக்கிய மாற்றுப் பல் ஆகிய எல்லாம் அங்கே உண்டு. நம் கருத்தை ஈர்ப்பவை அக்கருவிகள் அல்ல. பல்லைப் பிடுங்குவதில் விரைய வேண்டா, இழந்த பல்லுக்கு நிகர் எதுவும் இல்லை, முதலில் எல்லா மருந்துகளையும் முயல வேண்டும் என்று அவர் அறிவுறுத்துகிறார். வலி நோயாளியை ஏமாற்றும் என்றும் சொல்கிறார். நோயாளி நல்ல பல்லைக் காட்டி அதுவே நோகிறது என்பார். அதைப் பிடுங்கிய பின்னும் வலி நிற்காது. அறிவற்ற நாவிதர்கள் இப்படிச் செய்வதைக் கண்டு அவர் வருந்துகிறார்.

இன்றைய அறிவியல் அதற்குக் காரணம் காட்டுகிறது. பற்கூழின் நரம்புகள் வலியை உணர்த்துகின்றனவேயன்றி, அது எந்த இடத்தில் எழுகிறது என்பதைச் சரியாக உணர்த்துவதில்லை. கீழ்த்தாடையில் நோயிருக்க மேல்தாடையிலோ காதிலோ வலி தோன்றக்கூடும். ஆகவே நோயாளி சொல்வதை மட்டும் நம்பாமல், குளிர்ச்சியும் தட்டிப் பார்த்தலும் கதிர்ப்படமும் கொண்டு உண்மையான குற்றவாளியைத் தேடிப் பிடிக்க வேண்டியுள்ளது. இதற்கே உயர்கல்வி வேண்டும். எம்.டி.எஸ். வீண் ஆடம்பரம் என்று சொல்வோரோடு நமக்கு உடன்பாடில்லை. பிடுங்கத் தெரிந்தவர் எங்கும் இருக்கிறார். பிடுங்காமல் காக்கத் தெரிந்தவரே அரியர். அல்-ஸஹ்ராவி அன்று நாவிதரைப் பற்றிச் சொன்ன குற்றச்சாட்டு அறியாமையைப் பற்றியது. இன்று அறிந்தவரே, தாம் அறிந்ததை அறியாதவரின்மேல் ஆயுதமாக்கினால், அதற்கு அவர் என்ன பெயர் இட்டிருப்பாரோ!

இனி, பிரிவைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும். நம் கருத்தில் கடன் அடைக்கப்படுவதும் அடைக்கப்படாமல் போவதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. கலந்தாய்வில் முன்வரிசையில் நிற்பவர்கள் பல்லை வரிசைப்படுத்தும் பிரிவு, வேர்ச் சிகிச்சைப் பிரிவு, செயற்கைப் பல் பிரிவு, அறுவைப் பிரிவு ஆகியவற்றை நாடுகின்றனர். வாய் நோய்க்குறியியலும் பொதுநலப் பல் மருத்துவமும் கடைசியில் எஞ்சுகின்றன. ஆள் வராமல் இடங்கள் காலியாகக் கிடப்பதும் உண்டு. வேறு எதுவும் கிடைக்காதவர் எடுப்பது என்ற பெயர் அவற்றுக்கு ஏற்பட்டுவிட்டது.

நம் மக்களின் வாயைப் பிடித்திருக்கும் பெரிய நோய் எது? கோணலான பல் அன்று. 2020ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி, அவ்வாண்டில் உதட்டிலும் வாயிலும் புதிதாகப் புற்றுநோய் கண்டவர் உலகம் முழுவதும் சுமார் 3,77,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 1,36,000 பேர் இந்தியர். மூன்றில் ஒருவருக்கும் மேல் என்று பொருள். காரணம் நாம் அறியாததன்று. புகையிலையும் பாக்கும் நம் வாழ்வோடு பின்னிக் கிடக்கின்றன. நம் பாட்டிமாரின் வெற்றிலைப் பெட்டியும் பாக்குவெட்டியும் வீட்டின் மதிப்புக்கு அடையாளமாக இருந்த காலம் ஒன்று உண்டு. கலியாண வீட்டில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைக்காவிட்டால் மனக்குறை. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைக்கும் என்று புற்றுநோய் ஆய்வுக்கான அனைத்துலக நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. பாக்குத் தூளைப் பொட்டலமாக வாங்கி மெல்லும் இளைஞர்கள் சிலருக்கு வாயின் உட்தசை நார்போல் இறுகி, மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரல் நுழைவதும் அரிதாகிறது. கவளத்தைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி உண்பார்கள். அது புற்றுநோய்க்கு முன்னோடியாகும் நிலை. அதை வாசலிலேயே கண்டுபிடிக்கும் கல்வி, எவரும் வேண்டாத அந்த இரு பிரிவுகளுக்கு உரியது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வின் கல்வி பற்றிய பகுதியில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாவாக வைத்துப் பேசுவதை நம் வாசகர் பலர் அறிவர். சமுதாயத்தில் போதிய சிலர் அதனைச் செய்துவிட்டால் மற்றவர்மேல் பொறுப்பில்லை. ஒருவரும் செய்யாவிட்டால் எல்லாரும் குற்றவாளிகள். அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லாதிருக்க, எல்லாரும் ஃபிக்ஹுக் கல்வியையே மொய்த்துக்கொள்கிறார்களே, அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்களே என்று கடிந்து எழுதுகிறார்கள். அவ்வாறு மொய்ப்பதற்குக் காரணம் மார்க்கப் பற்றன்று, பதவியும் செல்வாக்கும் அதில் கிடைப்பதே என்றும் உரைக்கிறார்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த அறிஞர் இன்றைய எம்.டி.எஸ். கலந்தாய்வைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதினாரோ என்று ஐயுறத் தோன்றுகிறது. ஆள் நிறைந்த இடத்துக்கு மேலும் ஒருவர் செல்வதால் கடமை நிறைவேறுவதில்லை. மருத்துவம் பயின்றேன், ஆகவே ஃபர்ளு கிஃபாயாவை நிறைவேற்றினேன் என்று எவரும் எளிதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பதே அவர்கள் வாதத்தின் கூர்மை. எந்த இடம் வெறுமையாக இருக்கிறதோ அந்த இடத்தின் பெயரால்தான் கடமை அழைக்கிறது.

இவ்விடத்தில் நம்மை மறிக்கும் வாசகர் இருப்பார்: 'தனியார் கல்லூரியில் இலட்சக்கணக்கில் கொட்டிப் படித்த பிள்ளையிடம் போய் ஏழைக்குப் பட்ட கடனைப் பேசுகிறீர்களே! வங்கிக் கடனை யார் அடைப்பது?' இக்கேள்வியில் நியாயம் உண்டு. கழுத்தில் கடன் தொங்கும் இளைஞனுக்கு ஒவ்வொரு நோயாளியும் ஒரு தவணையாகத் தோன்றினால், அக்குற்றத்தை அவன் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. கல்லூரிக்குப் பெரும் பணம் கட்டி, அதை எத்தனை ஆண்டில் எடுப்பாய் என்று கேட்டவர்கள் யார்? மணப்பேச்சின்போது மாப்பிள்ளையின் பட்டத்துக்கு நேராக ஒரு தொகையை வைத்துப் பார்த்தவர்கள் யார்? அவனுக்கு அந்தக் கணக்கைக் கற்றுக் கொடுத்த பிறகு, அவன் நல்ல பல்லுக்கும் உறை போடுகிறான் என்று ஊரில் பேசிக்கொள்வதில் என்ன பயன்? நிய்யத் என்பது படிப்பு முடிந்த பிறகு கட்டிக்கொள்ளும் தலைப்பாகையன்று. அது முதல் தவணை கட்டும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அப்போது பெரும்பாலும் பேனா தகப்பனார் கையில் இருக்கிறது.

பெண்மக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல் மருத்துவக் கல்லூரிகளில் பெண்களே மிகுதியாகப் பயில்கின்றனர். நம் வீட்டுப் பெண்களும் பயின்று நல்ல மதிப்பெண் பெறுகின்றனர். பிறகு திருமணம், புகுந்த வீட்டில் 'மருமகள் டாக்டர்' என்ற பெருமை மட்டும் போதுமென்று கருவிகள் பெட்டிக்குள் போய்விடுகின்றன. நம் பெண்கள் பலர் பல்வலியை மாதக் கணக்கில் பொறுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம், ஆண் மருத்துவரிடம் முகத்திரையை விலக்கி வாயைத் திறக்க நாணுவது என்பதை நாம் அறிவோம். அவர்களுக்கென்று இறைவன் அனுப்பிய மருத்துவரை அடுப்படியில் நிறுத்திவிட்டு, பெண் மருத்துவர் இல்லையே என்று குறைபடுகிறோம். அந்தப் பெண் கல்லூரியில் யாருடைய வாயில் தன் கையைப் பழக்கினாளோ, அந்த ஏழைகளுக்கு அவள் பட்ட கடன், அவளைத் தடுத்தவர்களின் கணக்கில் ஏறுகிறது. முஹம்மது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா கல்கத்தாவில் பல் மருத்துவம் பயின்று, 1923இல் பம்பாயில் சொந்த மருத்துவமனை திறந்தார். ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும் நாம் அதே வாசற்படியில் நின்று தயங்கிக்கொண்டிருக்கிறோம்.

பாத்திமா ஜின்னா பயின்ற கல்லூரியை நிறுவியவரைப் பற்றிக் கூறாமல் இப்பேச்சை முடித்தற்கில்லை. ரஃபியுத்தீன் அஹ்மத் 1890இல் வங்காளத்தில் பிறந்தவர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரத்தில் குழந்தைகளுக்கான ஃபார்சைத் பல் மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணியாற்றினார். அங்கேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். தாயகம் திரும்பி, இந்நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைக் கல்கத்தாவில் நிறுவினார். அதனை நடத்தப் பணம் வேண்டியிருந்தது. அதற்காக அவர் குளிர்பானக் கடை ஒன்றை நடத்தினார் என்று அவர் வரலாறு கூறுகிறது. பல்லைக் கெடுக்கும் பண்டத்தை விற்றுப் பல்லைக் காக்கும் கல்வியை வளர்த்தார் என்று நகைச்சுவையாகவும் சொல்லலாம்! இந்தியாவில் பல் மருத்துவத்துக்கென்று 1925இல் ஓர் இதழையும் தொடங்கினார். கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தாமே வளர்த்த அக்கல்லூரியை 1949இல் மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். 1964இல் பத்ம பூஷண் விருது பெற்றார். அடுத்த ஆண்டு மறைந்தார். அவர் பிறந்த டிசம்பர் 24 இந்நாட்டில் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பிறர் வாயில் கற்றதை அவர் பிறர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கற்பித்தலும் கடன் தீர்க்கும் வழிகளில் ஒன்று என்பதற்காகவே அவரை இங்கு நினைவுகூர்ந்தோம்.

வேறு வழிகள்? ஆண்டுக்கொரு முறை பந்தல் போட்டு, பதாகை கட்டி, மாலை அணிவித்து, பல்பசைக் குழாய்களை வழங்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் முகாம்களில் நமக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. அங்கே பற்கள் எண்ணப்படுகின்றன; எண்ணிய பிறகு யாரும் திரும்பி வருவதில்லை. கேரளத்தில் நடந்த வேறொரு முயற்சியைக் காட்ட விரும்புகிறோம். 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் வீடு வீடாகச் சென்று 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயை வெளிச்சத்தில் பார்த்துச் சோதித்தனர். பார்த்தவர்கள் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள். ஐயம் தோன்றியவரை மருத்துவரிடம் அனுப்பினர். சில ஆண்டுகள் இடைவிட்டு மீண்டும் மீண்டும் பார்த்தனர். முடிவுகள் 2005இல் லான்செட் இதழில் வெளியாயின. புகையிலையோ மதுவோ பழகியவரிடையே, சோதனை நடந்த பகுதிகளில் வாய்ப் புற்றுநோயால் இறந்தோர் மற்றப் பகுதிகளைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு விளக்கு, பார்க்கப் பழகிய கண், பார்த்ததைத் தொடர்ந்து பேணும் ஒழுங்கு ஆகியவை போதுமாயின. அப்படிப்பட்ட ஒழுங்கைத் திட்டமிட்டு, ஆட்களைப் பயிற்றி, முடிவை அளந்து காட்டுவதுதான் பொதுநலப் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். பெற்றவர் செய்யத்தக்க வேலை.

அப்பிரிவில் பட்டம் பெற்றால் வேலை எங்கே என்று கேட்பர். அரசுப் பணியிடங்கள் மிகக் குறைவு என்பது உண்மை. கல்லூரி ஆசிரியர் பணியை விட்டால் அவருக்கு வேறு கதவு அரிதாகவே திறக்கிறது. ஆகவே அதைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையைத் தியாகி ஆக்கிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் ஜமாஅத்துகள் பல ஊர்களில் மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் நடத்துகின்றன. கல்வி உதவிக்கென்று நிதியும் திரட்டுகின்றன. அந்நிதியிலிருந்து உயர்படிப்புக்குப் பணம் கொடுக்கும்போது, மதிப்பெண்ணோடு பிரிவையும் கேட்கலாம். பட்டம் பெற்று வருபவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, நான்கைந்து ஊர்களை அவர் பொறுப்பில் விடலாம். நாற்பது வயதுக்கு மேற்பட்டு வெற்றிலை மெல்லும் ஒவ்வொருவரின் வாயையும் ஆண்டுக்கொரு முறை பார்த்துப் பதிவேட்டில் எழுதி வைக்கச் சொல்லலாம். பெண்களைப் பார்க்கப் பெண் மருத்துவர் ஒருவரை அமர்த்தலாம். கலியாண மண்டபம் ஒன்றுக்கு ஆகும் செலவை எண்ணிப் பார்த்தால், இதற்கு ஆகும் தொகை பெரிதன்று. அடுத்த கலந்தாய்வுக்கு முன் ஏதேனும் ஓர் ஊர் ஜமாஅத் இதைத் தன் கூட்டத்தில் எடுத்துப் பேசுமானால், அங்கே முதலில் கேட்கப்படும் கேள்வி பதிவேட்டை யார் வைத்திருப்பது என்பதாகவே இருக்கும்.